24 மணி நேரம் நிக்காம ஓடணும்: லெ மான் ரேஸ் பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல வேகமான கார் பத்தி வந்த ஒரு கேள்விக்கு பதில் சொல்லும்போது "இதெல்லாம் லெ மான்ல ஒரு ராத்திரி தாங்குமான்னு பாக்கணும்"னு ஒரு வரி எழுதிட்டு போயிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்க, மெயிலு எல்லாம் மேஜை மேல குவிஞ்சு கிடக்கு. அதனால இந்த தடவை முழு பக்கமும் அந்த ரேஸுக்குத்தான், சமையல் கேள்வி கேட்டவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்குங்க.

லெ மான்னா கார் பேரா ஊர் பேரா? யார் இப்படி ஒரு நாள் முழுக்க ஓட்டணும்னு யோசிச்சது? - கோயம்புத்தூர் வாசகர்

ஊர் பேருங்க. பாரிஸ்ல இருந்து தென்மேற்கால சுமார் 200 கிலோமீட்டர். அந்த ஊருக்கு மோட்டார் பைத்தியம் ரொம்ப முன்னாடியே பிடிச்சாச்சு, 1906ல முதல் பிரெஞ்ச் கிராண்ட் பிரீ நடந்தது அந்த ஊரை சுத்தி இருக்கிற ரோட்லதான், 1908ல வில்பர் ரைட் ஐரோப்பாவுல முதல் முதலா பிளேன் ஓட்டி காட்டினதும் அங்க இருக்கிற ஊனோதியேர் குதிரைப் பந்தய மைதானத்துலதான்.

24 மணி நேர யோசனை வந்தது 1922 பாரிஸ் மோட்டார் ஷோவுல. மூணு பேர் பேசிக்கிறாங்க. ஒருத்தர் ஜார்ஜ் துரான், உள்ளூர் ஆட்டோமொபைல் கிளப் செக்ரட்டரி. இன்னொருத்தர் ஷார்ல் ஃபரூ, பத்திரிகைக்காரர். மூணாவது ஆள் எமில் கோக்கீ, ரட்ஜ் விட்வொர்த்னு ஒரு வீல் கம்பெனியோட பிரான்ஸ் ஏஜென்ட், காசு இவர் கையில. அப்போ கார்ல ஹெட்லைட்டு, டைனமோ, பேட்டரின்னு எதையும் நம்பி ராத்திரி வெளியூர் கிளம்ப முடியாது. அதனால ராத்திரி ஒரு நாலு மணி நேரம் வர்ற மாதிரி எட்டு மணி நேர ரேஸ் வெக்கலாம்னுதான் முதல்ல பேச்சு, அப்புறம் ஏன் எட்டு, ஒரு நாள் முழுக்க ஓட விட்டா எந்த வண்டி உருப்படின்னு தெரிஞ்சுடும்ல அப்படின்னு இழுத்து 24 ஆக்கிட்டாங்க. ஜனங்க கடையில வாங்குற மாதிரி வண்டியைத்தான் கொண்டு வரணும்ங்கிறது ரூல். ஆரம்ப வருஷங்கள்ல துணி டாப்பை மாட்டிட்டு சில லேப் (சுத்து) ஓட்டணும்னு கூட ஒரு ரூல் இருந்துச்சு, பாதியில கிழிஞ்சு பறந்துச்சுன்னா வண்டி லாயக்கில்லைன்னு அர்த்தம். எனக்கு இந்த ரேஸ்ல பிடிச்ச விஷயமே இதுதான். வேகத்தை அளக்க ஊருக்கு ஊர் ரேஸ் இருக்கு, தாங்குமான்னு அளக்கத்தான் இதை ஆரம்பிச்சாங்க, நூறு வருஷமா இதுல நடந்த பெரிய கதை எல்லாமே அந்த "தாங்கலையே"ங்கிற இடத்துலதான் நடந்திருக்கு, கீழ படிச்சுட்டே வாங்க புரியும்.

முதல் ரேஸ் எப்படி நடந்துச்சு, யார் ஜெயிச்சாங்க? - திருச்சி வாசகர்

1923 மே 26, 27. மழை, ஆலங்கட்டி, ரோடு பூரா சேறும் ஜல்லியும். ஒரு சுத்து 17 கிலோமீட்டருக்கு மேல. 33 வண்டி கிளம்பி 30 வண்டி முடிச்சுச்சு, இன்னிக்கு கூட அந்த மாதிரி சதவீதம் வராது. ஆந்த்ரே லகாஷ், ரெனே லெயோனார்னு ரெண்டு பேர் ஷெனார் வால்க்கர்ங்கிற பிரெஞ்ச் வண்டியில 2209 கிலோமீட்டர் ஓட்டினாங்க, அதுதான் அதிக தூரம். ஆனா அன்னிக்கு அவங்கதான் ஜெயிச்சாங்கன்னு அறிவிக்கலை, ஏன்னா அது மூணு வருஷத்து கணக்கை சேத்து கொடுக்கிற ஒரு கோப்பையோட முதல் வருஷம், யாருக்கும் சட்டுனு புரியாத கணக்கு, சீக்கிரமே அதை தூக்கி போட்டுட்டாங்க.

எனக்கு ஜெயிச்சவங்களை விட அன்னிக்கு நாலாவது இடத்துக்கு வந்த பென்ட்லி கதைதான் பிடிக்கும். ஜான் டஃப்னு ஒரு ஆள் சொந்த முயற்சியில பிரிட்டன்ல இருந்து கொண்டு வந்த வண்டி, கூட ஓட்டுனது ஃபிராங்க் கிளெமென்ட். பென்ட்லி கம்பெனி முதலாளி டபிள்யூ. ஓ. பென்ட்லியே இது பைத்தியக்காரத்தனம்னு சொல்லிட்டு கடைசி நேரத்துல மனசு கேக்காம பாக்க வந்துட்டாரு. ஜல்லி தெறிச்சு ஒரு ஹெட்லைட் காலி. அப்புறம் பெட்ரோல் டேங்க்ல ஒரு கல்லு ஓட்டை போட்டுடுச்சு, வண்டி சர்க்யூட் நடுவுல நிக்குது, டஃப் பிட் (வண்டிக்கு பெட்ரோல் போட்டு ரிப்பேர் பாக்கிற இடம்) வரைக்கும் ஓடியே வந்து விஷயத்தை சொல்றார், கிளெமென்ட் ஒரு சைக்கிளை வாங்கி பெட்ரோல் கேனோட மிதிச்சு போய் ஓட்டையை அடைச்சு வண்டியை கிளப்பிட்டு வர்றார். இத்தனைக்கும் அன்னிக்கு வேகமான லேப் இவங்களோடதுதான். அடுத்த வருஷம் 1924ல அதே ரெண்டு பேர் வந்து ஜெயிச்சுட்டு போனாங்க.

1927ல இன்னும் மோசம். மெசோன் பிளாஞ்ச்ங்கிற இடத்துல இருட்டுல ஒரு வண்டி குறுக்க நிக்க, பின்னாடி வந்த பென்ட்லி மூணும் ஒண்ணு மேல ஒண்ணு மோதிடுச்சு. அதுல ஒண்ணை மட்டும் சாமி டேவிஸ் எப்படியோ நகர்த்தி பிட்டுக்கு கொண்டு வந்து, நசுங்குன ஃபெண்டரு, வளைஞ்ச ஆக்ஸிலோட அவரும் டாக்டர் பெஞ்சஃபீல்டும் மிச்ச ராத்திரி முழுக்க ஓட்டி ஜெயிச்சாங்க. லண்டன் சவாய் ஹோட்டல்ல நடந்த விருந்துக்கு அந்த நசுங்குன வண்டியையே ஹாலுக்குள்ள கொண்டு வந்து நிறுத்தினாங்க. அப்புறம் 1928, 29, 30 மூணு வருஷமும் பென்ட்லிதான், மூணுலயும் உல்ஃப் பர்னாட்டோ ஓட்டினார், மூணு தடவை கலந்துக்கிட்டு மூணும் ஜெயிச்ச ஆள். அப்புறம் நாலு வருஷம் ஆல்ஃபா ரோமியோ ராஜ்ஜியம். 1936ல தொழிலாளர் ஸ்டிரைக்கால ரேஸ் நடக்கலை. 1940ல இருந்து 48 வரைக்கும் போர், போருக்கு அப்புறம் உடைஞ்சு கிடந்ததை கட்டுறதுன்னு போயிடுச்சு.

ஒருத்தரே 24 மணி நேரமும் ஓட்டுவாரா? தூங்க வேண்டாமா? - சேலம் வாசகர்

இப்போ ஒரு வண்டிக்கு மூணு டிரைவர். எந்த ஆறு மணி நேரத்தை எடுத்தாலும் ஒருத்தர் நாலு மணி நேரத்துக்கு மேல ஓட்டக் கூடாது, மொத்தமா 14 மணி நேரத்தை தாண்டக் கூடாது. மத்த நேரம் பக்கத்துல இருக்கிற ரூம்ல போய் படுக்கலாம், வெளிய அந்த சத்தத்துல தூக்கம் வருமான்னு கேட்டா அது அவங்கவங்க பாடு.

ஆனா முன்னாடி அப்படி ஒரு கட்டுப்பாடும் இல்லை. ரெண்டு பேர் பேர் கொடுப்பாங்க, யார் எவ்வளவு ஓட்டணும்னு யாரும் கேக்க மாட்டாங்க. 1949ல போருக்கு அப்புறம் நடந்த முதல் ரேஸ்ல லூயிஜி கினெட்டி கிட்டத்தட்ட மொத்தத்தையும் தனியா ஓட்டி ஃபெராரிக்கு முதல் லெ மான் வெற்றியை வாங்கி கொடுத்தார், கூட பேர் கொடுத்திருந்த செல்ஸ்டன் பிரபு கொஞ்ச நேரம்தான் உக்காந்தார். 1950ல லூயி ரோசியேயும் அவர் மகனும், மகன் ஓட்டுனது ரெண்டே லேப்.

இதை எல்லாம் பாத்துட்டு 1952ல வந்தவர்தான் பியர் லெவே. இவரைப் பத்தி கொஞ்சம் நீளமா சொல்லுவேன், கோவிச்சுக்காதீங்க. நிஜப் பேரு பியர் பூயான், மாமா ஒருத்தர் அந்தக் காலத்துல லெவேங்கிற பேர்ல ரேஸ் ஓட்டினவரு, அவர் மேல இருந்த மரியாதையில அதே பேரை வெச்சுக்கிட்டார். 46 வயசு. சொந்தமா செலவு பண்ணி தயார் பண்ணின டால்போ வண்டி. மெர்சிடிஸ் கம்பெனி போருக்கு அப்புறம் புதுசா 300 எஸ்எல் வண்டிகளோட வந்திருக்கு. ராத்திரி போகப் போக ஒவ்வொரு வண்டியா கழண்டு லெவே முன்னாடி வந்துட்டார், பிட்ல நிக்கும்போது கூட ஓட்ட வேண்டியவர் ரெனே மார்ஷான் ஹெல்மெட்டோட ரெடியா நிக்கிறார், லெவே இறங்க மாட்டேங்கிறார். விடிஞ்சுது, மதியம் ஆச்சு, நாலு லேப் முன்னிலை, முகம் எல்லாம் வெளிறிப் போயி பிட்ல யாரையும் அடையாளம் தெரியாத நிலைமை, அப்பவும் இறங்கலை. ரேஸ் முடிய ஒரு மணி நேரத்து சொச்சம் இருக்கும்போது என்ஜின் உள்ள உடைஞ்சுது. களைப்புல கியரை தப்பா போட்டுட்டார்னு ஒரு பக்கம் சொன்னாங்க, என்ஜின்ல முன்னாடியே அதிர்வு இருந்துச்சு, அதை சமாளிச்சு ஓட்ட எனக்கு மட்டும்தான் தெரியும்னுதான் வண்டியை கொடுக்கலைன்னு அவர் பக்கம் சொன்னாங்க. மெர்சிடிஸ் முதல் ரெண்டு இடத்தையும் எடுத்துக்கிச்சு. பிரெஞ்ச் ஜனங்க அன்னிக்கு அவரை பாவம்னும் சொன்னாங்க, திமிருன்னும் திட்டினாங்க. என்னைக் கேட்டா ரெண்டும்தான்.

அந்த ஆளோட விடாப்பிடியை மெர்சிடிஸ் மேனேஜர் நொய்பவர் மறக்கலை. 1955ல தன் டீம்லயே ஓட்ட கூப்பிட்டார். அடுத்த கேள்விக்கு அதுதான் தொடக்கம்.

1955ல பெரிய விபத்து நடந்துச்சுன்னு படிச்சேன். அப்பவும் ரேஸை நிறுத்தலையாமே, இது என்ன நியாயம்? - மதுரை வாசகி

ஜூன் 11, சாயங்காலம் ஆறரை மணி சுமாருக்கு. ரேஸ் ஆரம்பிச்சு ரெண்டரை மணி நேரம்தான் ஆச்சு. மைக் ஹாத்தார்ன் ஜாகுவார்ல பிட்டுக்கு வர்றதுக்காக வலப்பக்கம் ஒதுங்கி பிரேக் போடுறார். ஜாகுவார்ல டிஸ்க் பிரேக், பழைய டிரம் பிரேக் வண்டியை விட டக்குனு நிக்கும். பின்னாடி வந்த லான்ஸ் மேக்லின் தன் ஆஸ்டின் ஹீலியை இடப்பக்கம் திருப்ப, அங்க மெர்சிடிஸ்ல 240 கிலோமீட்டர் வேகத்துக்கு பக்கத்துல வந்துட்டு இருக்கிறார் லெவே. மேக்லின் வண்டியோட சரிஞ்ச பின்பக்கத்து மேல ஏறி, அப்படியே காத்துல போய், ஜனங்க நின்ன பக்கத்து மண் மேட்டுல மோதி, என்ஜினும் முன் ஆக்ஸிலும் பானட்டும் பிச்சுக்கிட்டு கூட்டத்துக்குள்ள போயிடுச்சு. லெவேயும் 80 பேருக்கு மேலயும் இறந்தாங்க. வண்டி பாடி மெக்னீசியம் கலந்த உலோகம், எரியும்போது தண்ணி ஊத்துனா இன்னும் பத்திக்கும், அது தெரியாம தண்ணி அடிச்சாங்க, மணிக்கணக்கா எரிஞ்சுது. பின்னாடியே வந்துட்டு இருந்த இன்னொரு மெர்சிடிஸ் டிரைவர் ஃபாஞ்சியோ, லெவே கையை தூக்கி காட்டினதாலதான் நான் பிழைச்சேன்னு பிற்காலத்துல சொன்னார்.

நிறுத்தாததுக்கு அமைப்பாளர்கள் சொன்ன காரணம், ரேஸை நிறுத்தினா லட்சக்கணக்கான ஜனம் ஒரே நேரத்துல ரோட்டுக்கு வந்துடும், ஆம்புலன்ஸ் போக வழி இருக்காதுங்கிறது. இதை சாக்குன்னு சொல்றவங்க உண்டு. நான் ரெண்டு பக்கமும் யோசிச்சு பாத்துட்டேன், முதல் ரெண்டு மூணு மணி நேரத்துக்கு அந்த காரணம் சரின்னே தோணுது, மறுநாள் சாயங்காலம் நாலு மணி வரைக்கும் ஓட விட்டதுக்கு அது பதில் ஆகாது. நடு ராத்திரிக்கு மேல மெர்சிடிஸ் முதல் இடத்துல இருந்த ஃபாஞ்சியோ, மாஸ் வண்டியையும் சேத்து எல்லாத்தையும் திரும்ப எடுத்துக்கிச்சு. நீங்களும் நிறுத்துங்களேன்னு ஜாகுவார்கிட்ட கேட்டாங்க, அவங்க மாட்டேன்னுட்டாங்க. ஹாத்தார்ன்தான் ஜெயிச்சார்.

விசாரணையில எந்த டிரைவர் மேலயும் குத்தம் இல்லைன்னு முடிச்சாங்க. மெதுவா ஓடுன காலத்துக்கு போட்ட ரோடு, பிட்டுக்கும் ஓடுற தடத்துக்கும் நடுவுல ஒரு தடுப்பு கூட கிடையாது. அடுத்த வருஷத்துக்குள்ள பிட் பகுதியை இடிச்சு புதுசா கட்டினாங்க. ஸ்விட்சர்லாந்து தன் நாட்டுல சர்க்யூட் ரேஸையே தடை பண்ணிடுச்சு, பல பத்து வருஷம் அந்த தடை இருந்துச்சு. மெர்சிடிஸ் அந்த வருஷத்தோட ரேஸை விட்டுட்டு போனது, கம்பெனி டீமா திரும்பி வர முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

டிரைவருங்க ரோட்டை குறுக்க ஓடி கார்ல ஏறி கிளம்புற பழைய படம் பாத்தேன். இப்போ ஏன் அப்படி இல்லை? - தூத்துக்குடி வாசகர்

ஜாக்கி இக்ஸ்னு ஒருத்தர் நடந்ததால.

1925ல இருந்து அந்த வழக்கம் இருந்துச்சு, கார் ஒரு பக்கம் வரிசையா சாய்ச்சு நிக்கும், டிரைவர் எதிர் பக்கம் நிப்பாரு, கொடி இறங்குனதும் ஓட்டம். பாக்க அழகுதான், ஆனா சீட் பெல்ட்டு வந்ததும் ஒரு சிக்கல், அதை மாட்டுற நேரத்துல பத்து வண்டி முன்னாடி போயிடும், அதனால நிறைய பேர் மாட்டாமயே கிளம்பிடுவாங்க. 1969ல இக்ஸ் இதை எதிர்க்கிறேன்னு சொல்லிட்டு மத்தவங்க எல்லாம் ஓடும்போது நிதானமா நடந்து போய், உக்காந்து, பெல்ட்டை சரியா மாட்டிக்கிட்டு கடைசி ஆளா கிளம்பினார். அதே முதல் லேப்ல ஜான் உல்ஃப்ங்கிறவர் புது போர்ஷே 917ல மெசோன் பிளாஞ்ச் கிட்ட மோதி இறந்தார், பெல்ட் போடலை. மறுநாள் கடைசி மூணு மணி நேரம் இக்ஸோட ஃபோர்டும் ஹான்ஸ் ஹெர்மானோட போர்ஷேயும் மாத்தி மாத்தி முன்னாடி போயி, 24 மணி நேரத்துக்கு அப்புறம் இக்ஸ் சுமார் 120 மீட்டர்ல ஜெயிச்சார். கூட ஓட்டுனது ஜாக்கி ஆலிவர். கடைசியா கிளம்புன வண்டி முதல்ல வந்துச்சுன்னா அப்புறம் யார் வாதாடுவா. அடுத்த வருஷமே பெல்ட்டோட உக்காந்துதான் கிளம்பணும்னு ஆச்சு. அந்த தோத்த ஹெர்மான் 1970ல ரிச்சர்ட் ஆட்வுட்டோட சேந்து போர்ஷேக்கு முதல் லெ மான் வெற்றியை வாங்கி கொடுத்துட்டு அதோட ரேஸை விட்டுட்டார். போர்ஷே கணக்கு இப்போ 19, வேற எந்த கம்பெனியும் அங்க வரலை.

ஃபோர்டு ஃபெராரி சண்டையில கென் மைல்ஸ் ஏமாத்தப்பட்டாரா? - சென்னை, வேளச்சேரி வாசகர்

இந்த ஒரு கேள்வி மட்டும் பதினோரு பேர் கேட்டிருக்கீங்க. 1963ல ஃபோர்டு கம்பெனி ஃபெராரியை விலைக்கு வாங்க போய், ரேஸ் விஷயத்துல யார் சொல்றது நடக்கணும்ங்கிற இடத்துல என்சோ ஃபெராரி கையெழுத்து போடாம எழுந்து போயிட்டார். ரெண்டாவது ஹென்றி ஃபோர்டுக்கு கோவம். அப்போ 1960ல இருந்து 65 வரைக்கும் லெ மான்ல வரிசையா ஃபெராரிதான். ஃபோர்டு 64, 65 ரெண்டு வருஷமும் வந்து வேகமா ஓடி ஒண்ணும் முடிக்காம போச்சு. 1966ல முதல் மூணு இடமும் ஃபோர்டு.

கடைசி நேரத்துல ஃபோட்டோவுக்கு எல்லாம் சேந்து வரணும்னு மேல இருந்து உத்தரவு. முன்னாடி இருந்த ஃபோர்டு டிரைவர் மைல்ஸ் வேகத்தை குறைச்சார். அப்புறம்தான் தெரியுது, ஒண்ணா வந்தா ஒண்ணா ஜெயிச்சதா கணக்கு கிடையாது, ஸ்டார்ட்ல சில மீட்டர் பின்னாடி நின்ன புரூஸ் மெக்லாரன், கிறிஸ் ஏமன் வண்டி அந்த சில மீட்டர் அதிகமா ஓடியிருக்கு, அதனால அவங்களுக்குத்தான் முதல் இடம். அந்த வருஷம் அமெரிக்காவுல நடக்கிற டேடோனா, செப்ரிங்ங்கிற நீண்ட நேர ரேஸ் ரெண்டும் மைல்ஸ் ஜெயிச்சிருந்தார், மூணாவதும் கிடைச்சிருந்தா அப்படி ஒருத்தர் அதுக்கு முன்னாடி இல்லை. ரெண்டு மாசத்துல ஒரு டெஸ்ட் ஓட்டத்துல இறந்துட்டார். வேணும்னே ஏமாத்தினாங்களான்னா, எனக்கு அப்படி தோணலை, விளம்பர ஃபோட்டோ ஆசையில ரூலை படிக்காம விட்ட கம்பெனிக்காரங்க வேலைன்னுதான் தோணுது. அது மைல்ஸுக்கு ஆறுதலா இருந்திருக்காது. இன்னொண்ணு, பரிசு மேடையில ஷாம்பெயினை குலுக்கி பீச்சி அடிக்கிற பழக்கத்தை பிரபலம் ஆக்கினது அடுத்த வருஷம் 1967ல ஜெயிச்ச டான் கர்னி, அதுவும் ஃபோர்டுதான்.

அங்க அதிகபட்ச வேகம் எவ்வளவு? - நாகர்கோவில் வாசகர்

405 கிலோமீட்டர், 1988ல ரோஜே டோர்ஷி, டபிள்யூ எம் பெஜோ வண்டி. அந்த நேரம் பெஜோ கம்பெனி 405னு ஒரு ஃபேமிலி கார் விட்டிருந்துச்சு, நிஜத்துல வேகம் இன்னும் ரெண்டு மூணு கூடத்தான் வந்துச்சு, விளம்பரத்துக்காக 405னு சொன்னாங்கன்னு ஒரு பேச்சு உண்டு. அந்த வண்டி ரேஸை முடிக்கலை. ஊனோதியேர் நேர் ரோடு ஆறு கிலோமீட்டர், மத்த நாள்ல லாரியும் பஸ்ஸும் போற சாதாரண ரோடுதான் அது. 1990ல நடுவுல ரெண்டு வளைவை போட்டு உடைச்சுட்டாங்க, அதனால இனிமே அந்த வேகம் வராது. இப்போ ஒரு சுத்து 13.6 கிலோமீட்டர்.

இதனால நம்ம வீட்டு காருக்கு என்ன பிரயோஜனம்? - திருநெல்வேலி வாசகர்

டிஸ்க் பிரேக்குக்கு பேர் வந்ததே 1953ல ஜாகுவார் அதை வெச்சு ஜெயிச்சதாலதான், இன்னிக்கு உங்க பைக்ல கூட இருக்கு. அந்த வருஷம் ஜெயிச்ச டங்கன் ஹாமில்டனும் டோனி ரோல்ட்டும் முதல்ல பிராக்டீஸ்ல ஏதோ நம்பர் குழப்பத்துல தகுதி இழந்து, விடிய விடிய குடிச்சுட்டு இருக்கும்போது திரும்ப சேத்துக்கிட்டாங்கன்னும், போதை தெளியாமதான் ஓட்டி ஜெயிச்சாங்கன்னும் ஹாமில்டன் கதை சொல்லுவார். ரோல்ட் அப்படி எல்லாம் இல்லைன்னுட்டார். ரோல்ட் போர்ல கோல்டிட்ஸ் கோட்டையில கைதியா இருந்து, அங்கேர்ந்து தப்பிக்க மாடியில ரகசியமா கிளைடர் கட்டுன கூட்டத்துல ஒருத்தர், அதனால நான் அவரைத்தான் நம்புறேன்.

2006ல டீசல் வண்டி ஜெயிச்சுது, ஆடி. 2012ல முதல் ஹைபிரிட், அதுவும் ஆடி. 2000ல இருந்து 2014க்குள்ள மட்டும் ஆடி 13 தடவை ஜெயிச்சிருக்கு, தனி ஆள் கணக்குல டாம் கிறிஸ்டென்சன், வேற கம்பெனி வண்டியில ஜெயிச்சதையும் சேத்து, மொத்தம் 9 தடவை. பாக்க போர் அடிச்ச காலம்னு சொல்றவங்களை நான் தடுக்க மாட்டேன்.

1991 மட்டும் தனி ரகம். மஸ்தா 787பி, பிஸ்டனே இல்லாத ரோட்டரி என்ஜின், அது போடுற சத்தம் வேற எந்த வண்டிக்கும் கிடையாது. வேகமான வண்டி மெர்சிடிஸ்தான், மூணு லேப் முன்னாடி, கடைசி சில மணி நேரத்துல சூடாகி நின்னுடுச்சு. மஸ்தா சும்மா ஓடிக்கிட்டே இருந்து ஜெயிச்சுது. கடைசியா ஓட்டுன ஜானி ஹெர்பெர்ட் இறங்குனதும் மயங்கி விழுந்து மேடைக்கே வர முடியலை, கூட ஓட்டுன வைட்லரும் கஷோவும்தான் நின்னாங்க. ரோட்டரியை அடுத்த வருஷ ரூல்ல எடுத்துட்டாங்க.

பெண்கள் ஓட்டியிருக்காங்களா? - தஞ்சாவூர் வாசகி

1930லயே. ஒடெட் சிக்கோ, மார்கெரித் மரேஸ் ரெண்டு பேரும் ஒரு புகாட்டியில ஏழாவது. 1932ல சிக்கோ ஆல்ஃபா ரோமியோவுல மொத்தத்துலயே நாலாவது, இன்னிக்கு வரைக்கும் ஒரு பெண் எடுத்த சிறந்த இடம் அதுதான். 1956ல ஆனி பூஸ்கேங்கிற பிரெஞ்ச் பெண் ரீம்ஸ்ல வேற ஒரு ரேஸ்ல இறந்ததும் லெ மான்காரங்க பெண்களையே சேக்க மாட்டோம்னு கதவை சாத்திட்டாங்க, 1971 வரைக்கும். அதுக்கு முந்தின வருஷம் 80 பேருக்கு மேல செத்தப்போ ஆம்பளைங்களை நிறுத்துனதா தெரியலை. சமீப வருஷங்கள்ல அயர்ன் டேம்ஸ்னு முழுக்க பெண்கள் டீம் பிங்க் கலர் வண்டியோட வந்திருக்கு.

அஜித் ஓட்டுனது இந்த ரேஸா? நம்ம ஆளுங்க யாராவது லெ மான்ல ஓட்டியிருக்காங்களா? - ஈரோடு வாசகர்

தம்பி, அது துபாய் 24 மணி நேர ரேஸ். 2025 ஜனவரில அஜித்தோட டீம் அவங்க பிரிவுல மூணாவது வந்துச்சு. நேரம் ஒண்ணுதான், ரேஸ் வேற, அது துபாய் ஆட்டோடிரோம்ல நடக்கிறது. லெ மானுக்கு காசு கட்டினா மட்டும் போதாது, அந்த கிளப் பாத்து தேர்ந்தெடுத்து கூப்பிடணும், மொத்தம் 62 வண்டிதான். ஆனா எல்லாரும் தொழில்முறை டிரைவரா இருக்கணும்னு இல்லை, ஜிடி3ங்கிற ஸ்போர்ட்ஸ் கார் பிரிவுல ஒவ்வொரு வண்டியிலயும் ஒரு வெண்கல (bronze) ரேட்டிங் டிரைவர் கட்டாயம் இருக்கணும், அதாவது வேற வேலை பாத்துக்கிட்டு ஆசைக்கு ஓட்டுறவங்களுக்கான இடம்.

நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2009ல ஆடி வண்டியில போயிருந்தார், ரேஸ் அன்னிக்கு பிட் சுவர்ல இருந்து இறங்கும்போது விழுந்து தோள்பட்டை விலகிடுச்சு, ஓட்ட முடியலை, மிச்ச ரெண்டு பேரே சமாளிச்சாங்க. இப்படியும் ஒரு ராசி. சென்னை கருண் சந்தோக்தான் லெ மான்ல ஓட்டுன முதல் இந்தியர், 2012ல டேவிட் பிரபாம், பீட்டர் டம்பிரெக் கூட சேந்து மொத்தத்துல ஆறாவது இடம். அந்த டம்பிரெக் யாருன்னா 1999ல இதே லெ மான்ல அவர் ஓட்டுன மெர்சிடிஸ் காத்துல எகிறி குட்டிக்கரணம் போட்டு மரங்களுக்கு நடுவுல போய் விழுந்துச்சு, ஒண்ணும் ஆகலை. பதிமூணு வருஷம் கழிச்சு நம்ம ஆளோட ஆறாவது.

ஓட்டும்போது அவசரமா ஒண்ணுக்கு வந்தா? - பெயர் வேண்டாம்னு கேட்டவர்

ரெண்டு மூணு மணி நேரம் அடக்கணும். முடியலைன்னா யாரும் வண்டியை நிறுத்த மாட்டாங்க. அடுத்து ஏறப் போற டிரைவருக்குத்தான் கஷ்டம்.

நீங்க பாத்ததுலயே மனசு கஷ்டப்பட்ட தோல்வி எது? - விழுப்புரம் வாசகர்

2016, டொயோட்டா. 1985ல இருந்து வந்துட்டு இருக்காங்க, ரெண்டாவது இடம் மட்டும் பல தடவை. அன்னிக்கு 23 மணி 55 நிமிஷம் ஆனப்போ அவங்க அஞ்சாம் நம்பர் வண்டி முன்னாடி, கசுக்கி நக்காஜிமா ஓட்டுறார், ரேடியோவுல "பவர் இல்லை"ன்னு அவர் குரல் கேக்குது, கடைசி லேப் தொடங்க வேண்டிய கோட்டுக்கு பக்கத்துல, சொந்த டீம் கண்ணு முன்னாடி வண்டி நிக்குது. டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவுல காத்து போற குழாயோட ஒரு இணைப்பு விட்டுப் போச்சு, அவ்வளவுதான் கோளாறு. பக்கத்துல போர்ஷே கடந்து போகுது. நக்காஜிமா எப்படியோ ஊர்ந்து அந்த லேப்பை முடிச்சார், ஆனா கடைசி லேப் ஆறு நிமிஷத்துக்குள்ள முடிக்கணும்னு ஒரு ரூல், அதனால ரிசல்ட் பட்டியல்லயே இடம் இல்லை. 24 மணி நேரம் ஓடிட்டு கணக்குலயே வராத வண்டி. லெவேக்காவது களைப்பு மேல பழி போடலாம், இதுல யாரைப் போய் குத்தம் சொல்றது. ஜெயிச்ச போர்ஷேக்காரங்களே வெளிப்படையா டொயோட்டாவை பாராட்டினாங்க.

2017லயும் உடைஞ்சுது. 2018ல ஜெயிச்சாங்க, அலோன்சோ, புவேமி, நக்காஜிமா மூணு பேர், கடைசி ரவுண்டை ஓட்டி கொடி வாங்க நக்காஜிமாவைத்தான் அனுப்புனாங்க. அப்புறம் 2022 வரைக்கும் அவங்கதான். 2023ல நூறாவது வருஷம்னு போர்ஷே, கேடிலாக், பெஜோன்னு பெரிய கம்பெனி எல்லாம் திரும்பி வந்தப்போ, 50 வருஷம் கழிச்சு மேல் பிரிவுக்கு வந்த ஃபெராரி வந்த வேகத்துல ஜெயிச்சுது, 2024, 2025ம் அவங்களே. 2025ல ஜெயிச்ச மஞ்சள் ஃபெராரியில ஒருத்தர் ராபர்ட் குபிட்சா, 2011ல ஒரு ராலி விபத்துல வலது கை போற அளவுக்கு அடிபட்டவர்.

டிவியில 24 மணி நேரமும் உக்காந்து பாக்கணுமா? - புதுச்சேரி வாசகர்

வேண்டாங்க, வீட்ல திட்டு விழும். வழக்கமா ஜூன் மாசம், சனிக்கிழமை அவங்க ஊர் சாயங்காலம் நாலு மணிக்கு தொடங்கும், நமக்கு ராத்திரி 7:30. முதல் ஒரு மணி நேரம் பாத்துட்டு சாப்பிட்டு படுங்க. ஞாயிறு காலைல ஒம்போது ஒம்போதரைக்கு போடுங்க, அங்க அப்போதான் விடியும், ராத்திரி யார் யார் கழண்டாங்கன்னு தெரியும், வண்டி எல்லாம் பூச்சியும் அழுக்கும் அப்பி வேற கலர்ல ஓடும். அப்புறம் சாயங்காலம் அஞ்சரைல இருந்து 7:30 வரைக்கும் மட்டும் எழுந்து போகாதீங்க, காபி கூட விளம்பரத்துல போட்டுக்கலாம்.

சமையல் கேள்விகள் அடுத்த இதழ்ல.